டோக்கியோ கேள்வி–பதில்: குப்பைக்கும் கிழமை உண்டு

கேள்வி: கம்பெனி மாற்றலில் குடும்பத்தோடு டோக்கியோ வருகிறேன். மாதம் ஒரு லட்சம் யென் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தேன். சாவி கைக்கு வர ஐந்து லட்சம் கட்ட வேண்டுமாம். ஏமாற்றுகிறார்களா மேடம்?

பதில்: இல்லை, இந்த ஊர்க் கணக்கே அப்படித்தான். ஒரு மாத வாடகை ஷிகிகின், அதாவது அட்வான்ஸ். இன்னொரு மாத வாடகை ரெய்கின், வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் மரியாதைப் பணம். இது போனால் போனதுதான், திரும்பி வராது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை வரைக்கும், அதன் மேல் பத்து சதவீத வரி. உங்களுக்கு ஜாமீன் நிற்க ஊரில் ஆள் இல்லையே, அதற்கு ஒரு கம்பெனி உண்டு. அதற்கும் பாதி மாதமோ முழு மாதமோ அழ வேண்டும். முதல் மாத வாடகை, தீ விபத்துக் காப்பீடு என்று கூட்டுங்கள், ஐந்து லட்சத்தைத் தொட்டுவிடும். இவ்வளவும் கட்டிவிட்டு உள்ளே போனால் அடுப்பு இருக்காது. பல வீடுகளில் கூரையில் விளக்குகூட இருக்காது, கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஆகவே பகலிலேயே குடிபோங்கள்.

யூ.ஆர். குடியிருப்புகளை முதலில் பாருங்கள் என்பேன். அரசு சார்ந்த அமைப்பு. இரண்டு மாத அட்வான்ஸ் மட்டும். ரெய்கின், புரோக்கர், ஜாமீன், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு கட்டணம், எதுவும் கிடையாது. வருமானச் சான்று கறாராகக் கேட்பார்கள். எடோகாவா வட்டத்தில் (டோக்கியோவின் வார்டுகளில் ஒன்று), நிஷி-கசாய் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பதற்கு இந்த வீடுகளும் ஒரு காரணம். அங்கே டோசாய் லைனில் ஏறினால் அலுவலகங்கள் நிறைந்த ஓதேமாச்சியில் மாறாமல் இறங்கலாம். ஆனால் காலை எட்டு மணிக்கு அந்த ரயிலில் கையை உயர்த்தினால் இறக்க இடம் இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குடிபுகுந்த 14 நாளுக்குள் வட்ட அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, குடியிருப்பு அட்டையின் பின்பக்கம் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதியும் அன்றே சுகாதாரக் காப்பீடு, பென்ஷன் பற்றியும் அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: நான் வைக்கும் குப்பைப் பையைக் கீழ்வீட்டுப் பாட்டி என் கதவு முன்னால் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறார். வெளிநாட்டுக்காரி என்ற இளப்பமா?

பதில்: பையில் ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததா, பாருங்கள். நாள் தவறினாலோ வகை தவறினாலோ வண்டிக்காரர்கள் காரணம் எழுதிய ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, பையை எடுக்காமல் போய்விடுவார்கள். அது அங்கேயே கிடந்தால் காக்கை வரும். டோக்கியோ காக்கைகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அவற்றுக்காகத்தான் குப்பை மேட்டின் மேல் வலை போர்த்துகிறார்கள். உங்கள் பையை வலைக்கு உள்ளே தள்ளி, ஓரத்தை இழுத்து மூடுங்கள். பெரும்பாலான இடங்களில் காலை எட்டு மணிக்குள் வைத்துவிட வேண்டும். முதல் நாள் ராத்திரியே வைப்பது சண்டையை விலைக்கு வாங்குவது.

பெட் பாட்டில் (தண்ணீர், குளிர்பானம் வரும் பிளாஸ்டிக் பாட்டில்) என்றால் மூடியைக் கழற்றி, சுற்றியுள்ள தாளை உரித்து, உள்ளே அலசி, மிதித்துத் தட்டையாக்கிப் போட வேண்டும். மூடியும் தாளும் வேறு பைக்கு. 30 சென்டிமீட்டரைத் தாண்டிய நாற்காலி, பெட்டி எல்லாம் பெரிய குப்பை. போனிலோ இணையத்திலோ நாள் குறித்து, கடையில் கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினால்தான் எடுப்பார்கள். விதிகள் வட்டத்துக்கு வட்டம் மாறும், எனவே ஷிஞ்சுகுவில் இருக்கும் தோழி சொன்னதை வைத்து எடோகாவாவில் குப்பை போடாதீர்கள்.

பாட்டிக்குத் திரும்ப வருகிறேன். புதிதாகக் குடிவந்தால் கீழே, மேலே, இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் ஒரு சின்னத் துண்டோ இனிப்போ கொண்டுபோய்த் தலைவணங்குவது இங்கே பழக்கம். இப்போது பலர் விட்டுவிட்டார்கள், ஆனாலும் அந்த வயதுக்காரர்கள் எதிர்பார்ப்பார்கள். தாமதமானாலும் போங்கள். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று காட்டும் குப்பை காலண்டரைக் கையில் எடுத்துப்போய் விரலால் தொட்டுத் தொட்டுக் கேளுங்கள். மொழி தேவைப்படாது.

கேள்வி: இரண்டாம் வருஷ ஜூன் மாதம் என் சம்பளம் திடீரென்று குறைந்துவிட்டது. கம்பெனியிடம் சண்டை போடலாமா?

பதில்: போடாதீர்கள். அது குடியிருப்பு வரி. போன வருஷ வருமானத்தின் மேல், தோராயமாகப் பத்து சதவீதம். முதல் வருஷம் இது பிடிக்கப்படாததால் நாம் தாராளமாகச் செலவழித்துப் பழகிவிடுகிறோம். ஜனவரி 1 அன்று நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த வட்டத்துக்குச் சேரும். அந்தத் தேதிக்குப் பிறகு நாட்டை விட்டே போனாலும் பாக்கியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: நடுராத்திரியில் போன் அலறியது, கட்டில் ஆடியது. ஆட்டம் நின்ற பிறகு அடுப்பு பற்றவே இல்லை. யாரைக் கூப்பிடுவது?

பதில்: யாரையும் வேண்டாம். ஆட்டம் பலமாக, ஷிந்தோ 5 அளவில் வந்தால் கேஸ் மீட்டர் தானாகவே அடைத்துக்கொள்ளும். வாசல் கதவுக்குப் பக்கத்திலுள்ள இரும்புப் பெட்டியைத் திறங்கள். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அடுப்பு, வெந்நீர் ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரில் இருக்கும் பொத்தானை அழுத்தி விடுங்கள். மூன்று நிமிஷம் எதையும் தொடாமல் காத்திருந்தால் கேஸ் வந்துவிடும். கேஸ் வாடை அடித்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். மின் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்கள். ஒரு விஷயம், செய்தியில் சொல்லும் ஷிந்தோ எண் ரிக்டர் அல்ல. நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு ஆடியது என்பதன் கணக்கு, உச்சம் 7. பெரிய நிலநடுக்கத்தில் போன் கிடைக்காவிட்டால் 171-க்கு அடித்துக் குரல் செய்தி விடலாம்.

கேள்வி: என் மனைவி சார்பு விசாவில் வந்து வீட்டிலேயே இருக்கிறாள். யாரோடும் பேசுவதில்லை. அவளுக்கு ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: அவருக்கு என்ன வேண்டும் என்பதை அடுத்த கடிதத்தில் அவரே எழுதட்டும். இப்போதைக்கு உங்களுக்குச் சொல்கிறேன். வட்ட அலுவலகங்களில் கேட்டால் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்புகள் எங்கே என்று சொல்வார்கள். கட்டணம் மிகக் குறைவு, சில இடங்களில் இல்லவே இல்லை. அவர் போகும் நேரத்தில் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போக விரும்பினால் குடிவரவு அலுவலகத்தில் அனுமதி கேட்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. வாரம் 28 மணி நேரம் வரை செய்யலாம். பட்டப்படிப்பும் முழுநேர வேலையும் கையில் இருந்தால் அவர் பெயரிலேயே வேலை விசாவுக்கு மாற விண்ணப்பிக்கலாம். அனுமதி வருவதற்கு முன் ஒரு மணி நேரம்கூட வேண்டாம், விசாவுக்கே சிக்கலாகிவிடும்.