மகள் கிராம சுகாதார செவிலியர் ஆக வேண்டும் என்கிறாளா?

"ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும்தானே, இதில் படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். அந்த வேலையில் பாதி, யாரை எப்போது பார்ப்பது என்று திட்டம் போடுவதுதான்.

விதிப்படி சமவெளியில், இந்தச் செவிலியர் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையம் ஒன்றுக்கு 5,000 பேர். ஈரோடு மாவட்டத்துத் தாளவாடி, பர்கூர் போன்ற மலைப்பகுதியில் 3,000 பேர். நம் பக்கம் வீடுகள் ஒரே தெருவில் இருக்காது, தோட்டத்துச் சாளைகளாக, அதாவது தோட்டத்துக்குள் தனித்தனி வீடுகளாகச் சிதறிக் கிடக்கும். எந்த நாள் எந்தப் பாதை என்று முன்கூட்டியே எழுதாவிட்டால், தடத்தோர வீடுகளையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் கர்ப்பிணி விடுபடுவாள். ஸ்கூட்டர் ஓட்ட இப்போதே பழகட்டும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். 6, 10, 14 வாரம், 9 மாதம் என்று யார் யாருக்குத் தவணை வருகிறது என்ற பட்டியல் முதல் நாளே கையில் இருக்க வேண்டும். தடுப்பூசி மருந்து கொண்டுபோகும் கேரியர் பெட்டியில் நான்கு ஐஸ் பேக் வைப்பார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு வைத்தால் பென்டாவேலன்ட் என்ற தடுப்பூசி மருந்து உறைந்து வீணாகிவிடும். ஐஸ் பேக்கைக் காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிற வரை வெளியில் வைத்திருக்க வேண்டும். தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியிலேயே எழுத வேண்டும். அவசரத்தில் அதிகம் விடுபடுவது இதுதான். ஊசி போட்ட குழந்தையை அரை மணி நேரம் அங்கேயே வைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

பதிவேடுதான் பலர் திணறும் இடம். வளைகாப்பு முடிந்து பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அவளுடைய ஆர்.சி.எச். எண்ணோடு (கர்ப்பிணிக்குத் தரப்படும் பதிவு எண்) அந்த ஊர்ச் செவிலியருக்கு ஒரு போன் போடாவிட்டால், ரத்த அளவு குறைந்திருப்பதோ பிரஷர் ஏறியிருப்பதோ அங்கே யாருக்கும் தெரியாது. திருப்பூர்ப் பக்கம் இன்னும் சிரமம். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்கள் அறை மாறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் நல்ல பழக்கம் இருந்தால்தான் குழந்தை இடம் மாறிய சேதி வரும்.

இந்த வேலைக்கான ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) படிப்பு 2 வருடம், பிளஸ் டூ தேர்ச்சி போதும். உயிரியல் படித்து நல்ல மதிப்பெண்ணும் இருந்தால், 4 வருட பி.எஸ்சி. நர்சிங்குக்கே அனுப்புங்கள் என்பேன். பின்னால் வழி நிறைய. எதுவானாலும் பணம் கட்டுமுன், கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, களப்பயிற்சிக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள், எத்தனை வாரம் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் சேர்க்க வேண்டாம்.