லயம் இல்லை, ஓட்டு மட்டும் அங்கே இருக்கிறது

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தேர்தல், தொகுதி, எல்லை என்றே இருந்தன. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். தேர்தல் வரும்போதெல்லாம் அதே பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடிப் பணியும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டம் கைமாறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். நாங்கள் டவுன் பக்கம் மலிவுவிலை வீட்டுக்கு வந்துவிட்டோம். மகனுக்குப் போன மாதம் பதினெட்டு வயது முடிந்தது. அவன் ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னும் லயத்து முகவரிதான். ஓட்டுக்கு நாங்கள் எதுவும் எழுதிப் பதியவில்லை. அவனுக்கு ஓட்டு உண்டா, எங்கே உண்டு, டீச்சர்?
- ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: உண்டு அம்மா. நீங்கள் எதுவும் எழுத வேண்டியதில்லை. 2019 ஜூலையில் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஓட்டு வயதை 21இலிருந்து 18 ஆக்கினார்கள். அது 2021 டிசம்பர் 15 அன்று நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்து பதினெட்டு வயதான குடிமக்கள் எல்லாரும் தாமாகவே பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் எந்தத் தொகுதியில் என்பதை ஐசி முகவரிதான் முடிவு செய்கிறது. உங்கள் மகன் ஆறு வயதில் விட்டுவந்த லயம் இப்போது இல்லை, ஆனால் அவன் ஓட்டு அங்கே இருக்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. 2013 பொதுத்தேர்தலில் நான் டவுன் பள்ளியில் பணியில் இருந்தேன். மாலை நாலரை மணிக்கு என் பெரியம்மா வந்தார். பால்மரம் வெட்டியே காய்த்துப்போன கை. ஐசியை நீட்டினார். பட்டியலில் பெயர் இல்லை. தேடிப் பார்த்தால், அவர் விட்டுவந்த தோட்டத்துப் பள்ளியில் இருக்கிறது, இருபது கிலோமீட்டருக்கு மேல். ஐந்து மணிக்குச் சாவடி மூடிவிடும். வண்டி கிடையாது. முன்பெல்லாம் தோட்டத்து லாரி வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகும், இறங்கிய இடத்தில் ஓட்டுப் போட்டால் போதும். எந்த இடம் என்று அவர் யோசிக்க வேண்டிய தேவையே அதுவரை வந்ததில்லை. அந்த வருடம்தான் பொதுத்தேர்தலில் முதன்முறையாக அழியாத மை வைத்தார்கள். இளையவர்கள் முதல் பெரியவர்கள் வரை விரலைக் காட்டிக்கொண்டு சிரித்தபடி வெளியே போனார்கள். பெரியம்மா விரல் மட்டும் சுத்தமாக இருந்தது. ஐசியைக் கைக்குட்டையில் வைத்து நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சரிம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். அவருக்கு அடுத்த தடவை வரவில்லை.

ஆகவே இரண்டு வேலை இருக்கிறது. முதலில் தேசியப் பதிவு இலாகாவில் ஐசி முகவரியை மாற்றுங்கள். வீடு மாறி முப்பது நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பதே விதி. பன்னிரண்டு வருடம் தள்ளிப்போட்டாயிற்று, இனியும் தள்ளவேண்டாம். புது வீட்டு மின்சார பில்லைக் கையோடு எடுத்துப் போங்கள். பலர் இந்த ஒரு வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள், தவறு நடப்பது இங்கேதான். ஐசியில் முகவரி மாறினால் ஓட்டு கூடவே மாறிவிடாது. தொகுதியை மாற்றச் சொல்லித் தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆணையத்தின் இணையப் பதிவிலேயே செய்யலாம், மகனிடம் சொன்னால் கைப்பேசியில் முடித்துவிடுவான். வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் செய்துவிடுங்கள். தேர்தல் அறிவித்தபின் ஓடினால் நடக்காது.

"பிறந்த மண்ணில் ஓட்டு இருக்கட்டும்" என்று சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. அந்தப் பாசம் எனக்கும் உண்டு, நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் உங்கள் வீட்டுக் கால்வாய் நிரம்பினால் யாரிடம் போய் நிற்பீர்கள்? இந்தத் தொகுதிக்காரரிடம்தானே. அவர் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை.

கேள்வி: ஷா ஆலாமில் இருக்கும் என் தம்பி 2022இல் ஒரு தடவை, 2023இல் ஒரு தடவை ஓட்டுப் போட்டான். நாங்கள் ஒரே நாளில் இரண்டு சீட்டுப் போட்டுவிட்டோம். ஏன் இப்படி?
- ஒரு வாசகர், சாலாக் உத்தாரா

பதில்: மாநிலச் சட்டமன்றத்தை எப்போது கலைப்பது என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலோடு பேராக், பகாங், பெர்லிஸ் மூன்றும் சட்டமன்றத் தேர்தலையும் வைத்துக்கொண்டன. சிலாங்கூர் உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் 2023 ஆகஸ்ட் 12இல் வைத்தன. நம் பேராக்கில் 24 நாடாளுமன்றத் தொகுதி, 59 சட்டமன்றத் தொகுதி. சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். சீட்டு இரண்டு, பெட்டியும் இரண்டு. மாற்றிப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் தாதியாக இருக்கிறாள். அவள் அறைத்தோழி பிலிப்பைன்ஸ்காரப் பெண், ஊர் கவித்தே. 2025 மே மாதம் அங்கே தேர்தல் நடந்தபோது அந்தப் பெண் கைப்பேசியிலேயே ஓட்டுப் போட்டதாகவும், ஆனால் தன் ஊர் மெம்பருக்குப் போட முடியவில்லை என்று வருத்தப்பட்டதாகவும் மகள் சொன்னாள். கலபார்சோன் என்ற வட்டாரத்தில் நிறைய தொகுதிகளாம். அது நம் சட்டமன்றத் தொகுதி போன்றதா?
- ஒரு வாசகி, கோலகங்சார்

பதில்: நல்ல கேள்வி. இதற்காகவே இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

அந்தப் பெண் சொன்னது சரி. வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பைன்ஸ் குடிமக்கள் 2025 மே 12 தேர்தலில் செனட்டர்களுக்கும் கட்சிப் பட்டியலுக்கும்தான் (தொகுதி இல்லாமல் கட்சிக்கே போடும் ஓட்டு) ஓட்டளிக்கலாம். ஊர்த் தொகுதிப் பிரதிநிதியை ஊரில் இருப்பவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கலபார்சோன் என்பது கவித்தே, லகுனா, பத்தாங்காஸ், ரிசால், கெசோன் என்ற ஐந்து மாகாணங்களின் பெயர்களைச் சேர்த்து உருவாக்கிய பெயர். அந்த நாட்டில் மக்கள்தொகை மிகுந்த வட்டாரம் அதுதான். ஆனால் நம் பேராக்கைப் போல அதற்கென்று ஒரு சட்டமன்றம் இல்லை. நிர்வாக வசதிக்கான பிரிவு அது. தொகுதிகள் மாகாணங்களுக்கும் பெரிய நகரங்களுக்கும் உரியவை. அந்தத் தொகுதியில் ஜெயித்தவர் மணிலா பெருநகரில் உள்ள பிரதிநிதிகள் சபைக்குப் போவார். ஆக நம் நாடாளுமன்றத் தொகுதியோடு ஒப்பிடுவதுதான் பொருந்தும். பதவிக்காலம் மூன்றே வருடம், தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் நிற்கக்கூடாது. சபையில் ஐந்தில் ஒரு பங்கு கட்சிப் பட்டியலுக்கு.

என்னை யோசிக்க வைத்தது அவர்களின் 1987 அரசியல் சட்டம். ஒவ்வொரு மாகாணத்துக்கும் குறைந்தது ஒரு பிரதிநிதி என்று அது சொல்கிறது. இரண்டரை லட்சம் பேர் உள்ள நகரத்துக்கும் ஒருவர். இதனால், வடக்குக் கோடியில் கடலுக்கு நடுவே இருக்கும் பத்தானெஸ் மாகாணத்துக்கு, 2020 கணக்குப்படி 19 ஆயிரம் பேர்கூட இல்லாதபோதும், ஒரு முழு பிரதிநிதி. மகளின் தோழியின் கவித்தேயில் 43 லட்சம் பேர், எட்டுத் தொகுதி. கணக்குப் போட்டால் ஐந்தரை லட்சம் பேருக்கு அருகில் ஒருவர் வருகிறார். தீவு மக்களுக்கு ஒரு குரல் இருக்கட்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு மூன்று வருடத்துக்குள் தொகுதிகளை மறுபடி பிரிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாடு முழுவதற்குமாக அதை இன்றுவரை செய்யவில்லை. இந்த மாகாணத்துக்கு ஒன்று, அந்த மாகாணத்துக்கு ஒன்று என்று தனித்தனிச் சட்டமாகத்தான் போடுகிறார்கள். அதைப் போடுகிறவர்கள் ஏற்கெனவே பதவியில் இருப்பவர்கள்.

காமரினெஸ் சூர் மாகாணத்தில் இப்படி நான்கு தொகுதியை ஐந்தாக்கியபோது, புதிதாக வெட்டிய ஒரு தொகுதியில் இரண்டரை லட்சம் பேர் இல்லை. அப்போது செனட்டராக இருந்த பெனிக்னோ அக்கினோவும் நாகா நகர மேயர் ஜெஸ்ஸி ரொப்ரேடோவும் உச்ச நீதிமன்றம் போனார்கள். இரண்டரை லட்சம் என்ற அளவு நகரங்களுக்குத்தான், மாகாணத் தொகுதிக்கு இல்லை என்று 2010இல் தீர்ப்பு வந்தது. வழக்கில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் ஒரு தொகுதியின் எல்லைக் கோட்டைக் கேள்வி கேட்டு நீதிமன்றம்வரை போனார்களே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: சிலாங்கூரின் பாங்கியில் 3 லட்சம் வாக்காளருக்கு ஒரு எம்.பி., சரவாக்கின் இகானில் 30 ஆயிரம் பேர்கூட இல்லாத இடத்துக்கும் ஒரு எம்.பி. என்று மகன் சொல்கிறான். நாட்டுப்புறத்துக்குச் சலுகை என்றால் தோட்ட மக்களான நமக்கு நல்லதுதானே?
- ஒரு ஓய்வுபெற்ற தண்டல் (தோட்ட மேற்பார்வையாளர்), லிந்தாங்

பதில்: ஐயா, உங்கள் மகன் சொன்ன 2022 கணக்கு சரி. நல்லதா என்றால், என் பதில் இல்லை என்பதே.

1957இல் தொகுதிகளுக்கு இடையே 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்று இருந்தது. 1962இல் நாட்டுப்புறத் தொகுதி நகரத் தொகுதியில் பாதி அளவாகக்கூட இருக்கலாம் என்று மாற்றினார்கள். 1973இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். பரப்பு பெரியது, பாதை இல்லை, ஆகவே நாட்டுப்புறத்துக்குக் கூடுதல் எடை என்பது காரணம். சரவாக்கின் ஆற்றோரக் கம்பங்களை (கிராமங்களை) நினைத்தால் அதில் நியாயம் உண்டு.

ஆனால் நம் ஆட்கள் எங்கே போனார்கள்? தோட்டம் துண்டாடப்பட்டபின் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் ஈப்போவுக்கும் போனார்கள். நாட்டுப்புறத்தில் வாழ்ந்தபோது ஓட்டுக்கு எடை இருந்தது. அங்கே வேலையும் வீடும் போய், நகரத்து ஓர அடுக்குமாடிக்கு வந்தபோது, லட்சக்கணக்கானவர்களில் ஒருவராக ஆகிவிட்டார்கள். நிலத்தோடு சேர்த்து ஓட்டின் எடையும் கைவிட்டுப் போனது. இதை நம் மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஒன்று செய்ய முடியும். தீபகற்ப மலேசியாவின் தொகுதி எல்லைகளைக் கடைசியாக 2018 மார்ச் 28 அன்று நாடாளுமன்றம் ஏற்றது. ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது எட்டு வருடம் இருக்க வேண்டும். அடுத்த வரைவு எப்போது பார்வைக்கு வந்தாலும், அந்தத் தொகுதியின் பட்டியலில் பெயர் உள்ள 100 பேர் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், ஆணையம் அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். இது சட்டம்.

2016 செப்டம்பரில் வரைவு வந்தபோது, பேராக்கின் தென்பகுதியில் என் தங்கை இருக்கும் தாமானில் (குடியிருப்பில்) நாங்கள் கையெழுத்து வாங்கப் போனோம். அவர்கள் வீடுகளைப் பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளியிருந்தார்கள். பள்ளி, கோயில், கிளினிக் எல்லாம் ஒரு பக்கம், ஓட்டு மறுபக்கம். சாலைக்கு நடுவே கோடு. நான் ஒரு பள்ளிக்கூடப் பயிற்சி நோட்டில் பெயர், ஐசி எண், கையெழுத்து என்று மூன்று கட்டம் போட்டு எடுத்துப்போனேன். மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். நாய்க்குப் பயந்து பயந்து கேட்டைத் தட்டினோம். ஐந்தே நாளில் 140 கையெழுத்து! எவ்வளவு சந்தோஷம். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு ஐசி எண்ணாகச் சரிபார்த்தோம். இவர் பெயர் தெலுக் இந்தான் பக்கம். அவர் பெயர் அவர் பிறந்த தோட்டத்தில். அந்த வீட்டில் நாலு பேருக்கும் பழைய கம்பத்து முகவரி. பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். மிஞ்சியது 71. கெடு முடியும் வரை அலைந்தும் நூறு தேறவில்லை.

நூறு குடும்பத்துக்கு மேல் இருந்த தாமான் ஐயா அது. ஆட்கள் இருந்தார்கள், பட்டியலில் இல்லை. அதனால்தான் முதல் கேள்விக்கு அவ்வளவு நீளமாக எழுதினேன். உங்கள் லிந்தாங்கில் கோயில் கூட்டம் நடக்கும்போது ஒரு நாள் இதைச் செய்யுங்கள். யார் யார் பெயர் எந்தத் தொகுதியில் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதிவிடுங்கள். வரைவு வந்தபின் தொடங்கினால் ஒரு மாதம் போதாது.

கேள்வி: நகராண்மைக் கழக உறுப்பினரை நாம் ஏன் தேர்ந்தெடுப்பதில்லை?
- ஒரு மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: முன்பு தேர்ந்தெடுத்தோம் மகளே. 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள், 1976 சட்டத்தோடு அது இல்லாமலே போனது. இப்போது மாநில அரசு நியமிக்கிறது. அந்தத் தேர்தல் திரும்ப வரவேண்டும் என்பதே என் விருப்பம்.

கேள்வி: எனக்கு எண்பது வயதுக்கு மேல். கை நடுங்குகிறது, கண்ணும் சரியில்லை. கூட மகள் வந்து போட்டுவிடலாமா?
- ஒரு பாட்டி, ஜாலோங்

பதில்: தாராளமாக வரலாம் பாட்டி. மகளின் ஐசியும் கையில் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் சாவடித் தலைவரிடம் "என்னால் தனியாக முடியாது, இவள் உதவுவாள்" என்று சொல்லுங்கள். ஒரு பாரத்தில் எழுதிவிட்டு அனுமதிப்பார். மகள் வரமுடியாவிட்டால் அவரே உதவுவார். யாருக்குப் போட வேண்டும் என்பதை மட்டும் நீங்களே வாயால் சொல்ல வேண்டும், வேறு யாரும் முடிவு செய்யக்கூடாது. வயதானவர்களை முதல் சாலூரானில்தான் (சாவடிக்குள் ஓட்டுப் போடும் வரிசை) போட்டிருப்பார்கள், பெரும்பாலும் கீழ்த்தளத்து வகுப்பறை, படி ஏற வேண்டியிருக்காது. எட்டு மணிக்குக் கதவு திறக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.