நூற்றுக்கு நாலு

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் கப்பல்களில் வைத்த ஓர்லிகன் 20 மி.மீ. பீரங்கியை ஏகத்துக்குப் புகழ்கிறார்கள். அது கொஞ்சம் பெரிய மெஷின்கன், அவ்வளவுதானே? ஆயிரக்கணக்கில் தோட்டாக்களைக் கொட்டி எத்தனை விமானங்களை வீழ்த்தினார்கள்? பணமும் இரும்பும் வீண் என்பதே என் கருத்து.
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: துறைமுக ஊரில் இருந்துகொண்டு விழுந்த விமானத்தை மட்டும் எண்ணுகிறீர்களே, தப்பிய கப்பலை யார் எண்ணுவது?

உங்கள் கணக்கை அன்றைக்கே போட்டுப் பார்த்தார்கள். மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்கள் குண்டுவீச்சில் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். சில கப்பல்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வைத்தார்கள். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால், நூறு தாக்குதலுக்கு நாலில்தான் விமானம் விழுந்திருந்தது. மற்ற இடங்களிலோ பீரங்கிக்குத் தட்டுப்பாடு. இவ்வளவு செலவுக்கு இது தகுமா என்ற பேச்சு எழுந்தது. அப்புறம்தான் எண்ண வேண்டியதே வேறு என்று புரிந்தது. தாக்குதலுக்கு உள்ளான கப்பல்களில், திருப்பிச் சுட்டவற்றில் மூழ்கியது நூற்றுக்கு 10. சுடாதவற்றில் 25. அமெரிக்கக் கடற்படைக்காகப் போர்க்கணக்குகளை ஆராய்ந்த மோர்ஸும் கிம்பலும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

காரணம் எளிது. குறிபார்த்துக் குண்டு போட, விமானி சில விநாடிகளாவது ஆடாமல் அசையாமல் பறந்தாக வேண்டும். எரிந்துகொண்டே வரும் தோட்டாக்கள் தன் முகத்தை நோக்கி வரிசையாக ஏறி வரும்போது எத்தனை பேரால் அது முடியும்? முன்கூட்டியே குண்டைப் போட்டுவிட்டுத் திரும்புகிறான். விமானம் விழவில்லை. கப்பல் ஊர் போய்ச் சேர்கிறது.

சரி, "பெரிய மெஷின்கன்" என்ற பேச்சுக்கு வருவோம். இதில்தான் எனக்கு நிஜமாகவே வருத்தம். இந்தப் பீரங்கியின் உள்ளே இருக்கும் யோசனை அத்தனை அழகானது. சக்தி வாய்ந்த தானியங்கித் துப்பாக்கிகள் பெரும்பாலும் சுடும் கணத்தில் பின்பக்கத்தைப் பூட்டிக்கொள்ளும். ஓர்லிகனில் பூட்டே கிடையாது. விசையை அழுத்தியதும், பின்னால் பிடித்து வைத்திருந்த போல்ட், அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் கனமான இரும்புக் கட்டை, ஸ்பிரிங்கின் வேகத்தில் முன்னே பாய்கிறது. போகிற போக்கில், தோட்டாக்கள் அடுக்கிய வட்டப் பெட்டியான டிரம்மிலிருந்து ஒரு தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போகிறது. அது போய் நிற்பதற்குள், ஓட்டத்திலேயே தோட்டா வெடிக்கிறது. எதிரே வேகமாக வரும் ஊஞ்சலைத் திருப்பித் தள்ளிப் பாருங்கள். முதலில் அதை நிறுத்தவே பாதி பலம் போய்விடும். இங்கேயும் வெடிப்பின் வேகம் போல்ட்டை நிறுத்துவதில் பாதி செலவாகி, மீதிதான் அதைப் பின்னால் தள்ளுகிறது. அதனால் பூட்டு இல்லாவிட்டாலும் போல்ட் மலையாகக் கனக்க வேண்டியதில்லை. தோட்டா நகர்ந்துகொண்டே வெடிப்பதால் அதன் கூடு உள்ளே ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதற்காகத் தோட்டாக்களுக்கு கிரீஸ் தடவித்தான் டிரம்மில் ஏற்றினார்கள்.

நிமிடத்துக்கு 450 தோட்டா என்ற வேகம். டிரம்மில் இருப்பது 60. எட்டே விநாடியில் காலி. ஆனால் மின்சாரம் வேண்டாம், தண்ணீர்க் குழாய் வேண்டாம். சுடுபவர் தோள்பட்டைத் தாங்கியில் சாய்ந்து, பட்டையால் தன்னைக் கட்டிக்கொண்டு, உடம்பாலேயே பீரங்கியைத் திருப்புவார். கப்பலின் ஜெனரேட்டர் நின்றுபோனாலும் இது சுடும். டெக்கில் கொஞ்சம் இடம் இருந்தால் எங்கேயும் வைக்கலாம்.

இதன் மூலம் முதல் உலகப் போரில் ஜெர்மனியின் ரைன்ஹோல்ட் பெக்கர் செய்த பீரங்கி. தோற்ற ஜெர்மனிக்கு ஆயுதத் தடை வந்ததும் உரிமை சுவிட்சர்லாந்து போனது. சூரிச்சின் ஓர்லிகன் பகுதி நிறுவனம் 1924-இல் அதை வாங்கியது. பிரிட்டிஷ் கடற்படையில் இதற்காக விடாமல் வாதாடியவர் மவுண்ட்பேட்டன், பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராய் ஆனவர். நூற்றுச் சொச்சம் பீரங்கிகள் வந்து சேர்வதற்குள் 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்து, சுவிட்சர்லாந்திலிருந்து வரும் வழி அடைபட்டது. வரைபடங்கள் எப்படியோ வெளியே வந்துவிட்டன. அவற்றை வைத்து பிரிட்டனிலேயே செய்தார்கள். அமெரிக்காவில் கார் கம்பெனிகள் செய்தன. அங்கே மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். ஜப்பானிய ஸீரோ விமானத்தின் 20 மி.மீ. பீரங்கியும் ஓர்லிகன் வழி வந்ததுதான். பசிபிக்கில் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே குடும்பத்துப் பீரங்கிகள் சுட்டுக்கொண்டன.

வீழ்த்திய கணக்கும் நீங்கள் நினைப்பது போல் மோசமில்லை. அமெரிக்கா போரில் இறங்கியதிலிருந்து 1944 செப்டம்பர் வரை அமெரிக்கக் கப்பல்களின் பீரங்கிகள் வீழ்த்திய விமானங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இதன் பேரில்தான் இருக்கிறது.

அதன் நிஜமான தோல்வி அடுத்த மாதம், பிலிப்பைன்ஸின் லெய்ட்டேயில் வந்தது. சாகத் துணிந்தே கப்பல்மேல் பாயும் காமிகாஸி விமானியை எரியும் தோட்டாக்கள் விரட்டாது. அவனை நடுவானிலேயே துண்டாக்க வேண்டும். சுமார் 120 கிராம் குண்டால் அது ஆகவில்லை. கிட்டத்தட்ட ஒரு கிலோ குண்டு வீசும் 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கி அதிகம் தேவைப்பட்டது. பிறகு அதுவும் போதாமல் 76 மி.மீ. பீரங்கிக்குப் போனார்கள். இந்தக் குறையை நீங்கள் கேட்டிருந்தால் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.