பூங்காவுக்குப் போய் வந்தால் கீரை இறங்குமா?

கேள்வி: அம்பத்தூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். 8 வயது மகன் பள்ளி விட்டு வந்ததும் சிப்ஸ் கேட்கிறான். போனைப் பார்த்தபடிதான் சோறு இறங்குகிறது. கீரையைத் தொடுவதே இல்லை. மரம் செடிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் இருந்தால் சாப்பாட்டுப் பழக்கம் மாறும் என்கிறார்கள். உண்மையா? எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?

பதில்: ஓரளவு உண்மை. ஆனால் பசி குறையும், கொஞ்சமாகச் சாப்பிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். மாறுவது, எதை எடுக்கிறோம் என்பதுதான். மரியா லாங்லுவா, பியர் ஷாந்தோன் இருவரும் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பாரிஸில் சிலரைப் பூங்காவிலும் சிலரை நகரத் தெருக்களிலும் 20 நிமிடம் நடக்கவிட்டு, பிறகு தின்பண்ட மேசைக்கு அனுப்பினார்கள். பூங்காவில் நடந்தவர்கள் உடம்புக்கு நல்ல பண்டங்களைக் கூடுதலாக எடுத்தார்கள். அவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளிடம் அதே பலன் அப்படியே கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

அந்த ஆய்வில் நடை முடிந்த கையோடு நல்ல பண்டமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நம் ஊரில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மெரினாவில் ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் சுண்டல்காரரைத் தாண்டிப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்குகிறோம். கொதிக்கும் எண்ணெய் வாசனைக்கு முன்னால் கடற்காற்று எம்மாத்திரம்?

ஆகவே வரிசையை மாற்றுங்கள். மதியம் 12 மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை 4 மணிக்குப் பசியோடு வருவான். அப்போது நடக்கக் கூப்பிட்டால் அழுகைதான் மிஞ்சும். தண்ணீரும் பாதி வாழைப்பழமும் கொடுத்துவிட்டு 20 நிமிடம் வெளியே அழைத்துப் போங்கள். பூங்கா தூரமென்றால் புங்கமரம் நிற்கும் தெரு போதும். பஜ்ஜிக் கடை இல்லாத வழியாகத் திரும்புங்கள். கிளம்பும் முன்பே அவித்த கொண்டைக்கடலை, கொய்யா, வெள்ளரித் துண்டுகளை மேசையில் மூடி வையுங்கள். திரும்பியதும் "என்ன வேணும்?" என்று கேட்டால் பதில் சிப்ஸ்தான், "கொய்யாவா, கடலையா?" என்று கேளுங்கள். சிப்ஸ் பாக்கெட் வீட்டில் இருக்கும்வரை இது நடக்காது. மளிகைப் பட்டியலையும் இரவில் செயலியைத் திறந்துகொண்டு போடாமல், நடந்து வந்த பிறகு எழுதுங்கள்.

அடுத்து, சாப்பிடும் இடம். திரையைப் பார்த்தபடி சாப்பிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்பது மனதில் பதிவதில்லை. பிறகு கொறிப்பதும் கூடுகிறது. நிலாச்சோறு ஊட்டியவர்கள் வேடிக்கை காட்டத்தான் செய்தார்கள். ஆனால் பிள்ளை ஊட்டுபவர் முகத்தையும் சோற்றையும் பார்த்தது. பால்கனியில் நான்கு தொட்டிகள் வைத்து, வாரம் இரண்டு வேளை போனில்லாமல் அங்கே உட்காருங்கள். பால்கனி பிரதான சாலையைப் பார்த்திருந்தால் வேண்டாம். பலத்த இரைச்சலில் இனிப்பும் உப்பும் மட்டாகத் தெரியும் என்பது சோதனையில் கண்டது. குழம்பில் உப்பு போதவில்லை என்று தோன்றும். அங்கே கொசு குறைவு என்றால், பின்பக்க ஜன்னலோரமே நல்லது.

கீரைக்கு நடையைவிட வளர்ப்பு நல்ல வழி. தான் வளர்த்ததைக் கடித்துப் பார்க்கப் பிள்ளைகள் அவ்வளவாகத் தயங்குவதில்லை. வெந்தயத்தில் தொடங்குங்கள். 4 அங்குல ஆழத் தட்டில் அடியில் துளையிட்டு, செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசாமல் போட்டால் நுனி கருகும். இரவு ஊறவைத்த விதையைத் தூவி, அரை சென்டிமீட்டர் மண் மூடினால் மூன்று நாளில் முளைக்கும். 25 நாளில் கிள்ளலாம். தண்ணீர் தெளிப்பதை மகனிடம் விடுங்கள், ஆனால் அளவு உங்கள் கையில் இருக்கட்டும்: மண் ஈரமாயிருக்கும்போதே ஊற்றினால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். கிள்ளிய கீரையை முதலில் தோசை மாவில் கலந்து கொடுங்கள், பொரியல் பிறகு. புதிய சுவை பழக 10 முறைக்கு மேலும் ஆகலாம், துப்பினால் திட்டாதீர்கள்.

கீரை மட்டுமல்லாமல் மென்று தின்ன வேண்டிய எதையுமே மறுக்கிறான், அல்லது எடை ஏறவில்லை என்றால் தோட்டத்தை நம்பிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.