பிளிஸி இல்லாத தடுப்பு அணி: கேள்வி பதில்

2022இல் வெளிவந்த போக்கிமான் ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்களின் ஒற்றையர் போட்டியில், ஸ்மோகன் என்ற ஆட்டக்காரர் இணையதளம் வகுத்த ஓயு பிரிவின் விதிகளின்கீழ் நான் ஆடிவரும் தடுப்பு அணியை, அதாவது அடிகளைத் தாங்கி நின்று எதிராளியை மெல்லத் தேய்க்கும் அணியைப் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். அலோமோமோலா, கிளைஸ்கோர், கார்கனாக்கிள், கேலார் வடிவ ஸ்லோகிங், கிளாட்சையர், கோர்விநைட் ஆகிய ஆறு போக்கிமான்களும்தான் அந்த அணி. கேள்விகளைச் சற்றே சுருக்கிக்கொண்டு பதில் தருகிறேன்.

ஸ்டால் எனப்படும் தடுப்பு அணி என்றாலே பிளிஸி, டொண்டோஸோ என்ற போக்கிமான்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. இரண்டையும் ஏன் விட்டுவிட்டீர்கள்? – பனங்காடு

காரணம் பிபி, அதாவது ஒரு நகர்வை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்ற எண்ணிக்கை. முந்தைய தலைமுறையில் ரிகவர், ரூஸ்ட், சாஃப்ட்-பாயில்ட் போன்ற குணப்படுத்தும் நகர்வுகளுக்கு அடிப்படை பிபி 10 இருந்தது. பிபியை உச்சமாக்கும் பிபி மேக்ஸ் கொடுத்தால் 16 முறை பயன்படுத்தலாம். ஒன்பதாம் தலைமுறையில் அந்த 10 ஐந்தாகக் குறைக்கப்பட்டதால், எவ்வளவு கூட்டினாலும் எட்டு முறைக்கு மேல் கிடையாது. டொண்டோஸோ நம்பியிருக்கும் ரெஸ்ட்டுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு முறையும் பாதி எச்பி (உயிர்ப்புள்ளி) திரும்புகிறது என்று வைத்துக்கொண்டாலும், அறுபது எழுபது சுற்றுகள் நீளும் ஆட்டத்தில் எட்டு என்பது மிகச் சிறிய கையிருப்பு. எதிராளிக்கு இது தெரிந்திருந்தால், உங்களை வீழ்த்த முயலாமல், உங்களை ரிகவர் அழுத்த வைப்பதையே தன் திட்டமாக்கிக்கொள்வார்.

ஆகவே அணியைத் தேர்ந்தெடுக்கும்போது தடுப்பு எண்களைப் பார்ப்பதற்கு முன்னால், பிபி செலவில்லாமல் குணமாகிறவர்கள் யார் என்று பார்த்தேன். அலோமோமோலாவுக்கும் ஸ்லோகிங்குக்கும் ரீஜெனரேட்டர் என்ற எபிலிட்டி (பிறவித் திறன்) இருக்கிறது; களத்தைவிட்டு விலகும் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு எச்பி தானாகத் திரும்பும். கிளைஸ்கோரிடம், வைத்திருப்பவரையே நஞ்சாக்கும் டாக்சிக் ஆர்பைக் கொடுத்து, நஞ்சால் குணமாகும் பாய்சன் ஹீல் எபிலிட்டியை வைத்தால், சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கு ஏறிக்கொண்டே இருக்கும். மீதமுள்ள மூவருக்குத்தான் ரிகவர் அல்லது ரூஸ்ட் தேவை. அவர்களுக்கும் அலோமோமோலாவின் விஷ், அதாவது அடுத்த சுற்றின் முடிவில் களத்தில் நிற்பவரைக் குணப்படுத்தும் நகர்வு, துணை நிற்கிறது. விஷ்ஷின் பிபி இன்னமும் 16 வரை போகிறது.

விஷ் மற்றவர்களுக்கு எவ்வளவு கொடுக்கும்? பிளிஸியிடம் விஷ் இருந்தால் போதாதா? – கரிசல்

போதாது. ரீஜெனரேட்டர் இல்லாததால், போட்டவர் தன்னைத் தேற்றிக்கொள்ள வேறொரு சுற்றைச் செலவிட வேண்டியிருக்கும். விஷ் திருப்பித் தருவது, அதைப் போட்டவருடைய முழு எச்பியில் பாதி. முழு இவி (எண்களைக் கூட்டும் பயிற்சிப் புள்ளி) கொடுத்த அலோமோமோலாவுக்கு 100ஆம் நிலையில் 534 எச்பி. எனவே விஷ்ஷின் மதிப்பு 267. முழு எச்பி 400 உள்ள கோர்விநைட்டுக்கு இது மூன்றில் இரண்டு பங்கு, 354 உள்ள கிளைஸ்கோருக்கு முக்கால் பங்கு. ரூஸ்ட் தருவதைவிட இது அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

ஆடும் முறை இதுதான். முதல் சுற்றில் விஷ். அடுத்த சுற்றில் ஃபிளிப் டர்ன், அதாவது அடித்துவிட்டு வேறொருவருக்கு இடம் விடும் நகர்வு. அலோமோமோலா மெதுவானது என்பதால் பெரும்பாலும் எதிராளியின் அடியைத் தானே வாங்கிக்கொண்டு, அதன் பிறகே விலகும். உள்ளே வருபவர் அடிபடாமல் வந்து, சுற்றின் முடிவில் விஷ்ஷையும் பெற்றுக்கொள்வார். விலகிய அலோமோமோலாவும் மூன்றில் ஒரு பங்கு தேறியிருக்கும். இந்த இரண்டு சுற்றுகளைப் பிசகாமல் ஆடப் பழகிவிட்டால் அணியின் பாதி வேலை முடிந்தது.

இவி பங்கீட்டை எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? எல்லாவற்றுக்கும் முதலில் எச்பிக்கு 252 கொடுப்பது சரியா? – தாமரைக்குளம்

பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. மொத்தம் 510, எச்பி, டிஃபென்ஸ் போன்ற ஒரு எண்ணுக்கு 252 என்பது வரம்பு. 100ஆம் நிலையில் நான்கு இவிக்கு ஒரு புள்ளி ஏறும், 252க்கு 63 புள்ளிகள் ஏறும். அந்த 63 சிறிய எண்ணின் மீது விழுந்தால் பெரும் மாற்றம், பெரிய எண்ணின் மீது விழுந்தால் சிறு மாற்றம். நான் விட்டுவிட்ட பிளிஸியே இதற்கு மிகத் தெளிவான சான்று. அதன் எச்பி இவி இல்லாமலே 651. முழுதும் கொடுத்தால் 714, அதாவது பத்து விழுக்காடு கூடுதல். அதன் டிஃபென்ஸோ வெறும் 56. முழு இவியும் டிஃபென்ஸைக் கூட்டும் போல்டு இயல்பும் சேர்ந்தால் 130, அதாவது இரு மடங்குக்கும் மேல். அலோமோமோலாவும் ஏறக்குறைய இதே அமைப்புதான் என்றாலும், விஷ்ஷின் அளவு எச்பியைப் பொறுத்தது என்பதால் அதற்கு எச்பி, டிஃபென்ஸ் இரண்டையுமே நிரப்பிவிடுகிறேன்.

நான் இதே போன்ற அணியை ஆடிப் பார்த்தேன். உள்ளே வருபவரைக் காயப்படுத்தும் பொறிகளான ஸ்டெல்த் ராக்கும் ஸ்பைக்ஸும் தரையில் விழுந்த பிறகு, மாற்றி மாற்றி உள்ளே வருவதே இழப்பாகிறது. ரீஜெனரேட்டர் எங்கே போயிற்று? – நள்ளிரவு ஆட்டக்காரன்

கணக்குப் போட்டால் விளங்கிவிடும். பாறைக்கு வலுவோ பலவீனமோ இல்லாத ஒருவர் ஸ்டெல்த் ராக்கின் மீது வந்தால் எட்டில் ஒரு பங்கு போகும். ஸ்பைக்ஸ் ஓர் அடுக்கு எட்டில் ஒன்று, இரண்டு அடுக்கு ஆறில் ஒன்று, மூன்று அடுக்கு நான்கில் ஒன்று. ராக் மட்டும் இருந்தால், ஒரு முறை போய்வருவதில் மூன்றில் ஒன்று வந்து எட்டில் ஒன்று போகிறது. இருபத்து நான்கில் ஐந்து பங்கு இலாபம். ராக்குடன் மூன்று அடுக்கு ஸ்பைக்ஸும் சேர்ந்தால் போவது எட்டில் மூன்று. வருவது இருபத்து நான்கில் எட்டு, போவது ஒன்பது. அந்த நிலையில் ரீஜெனரேட்டர் உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறது.

ஆகவே மூன்றாவது அடுக்கு விழவிடாமல் பார்ப்பது இந்த அணிக்கு உயிர்நாடி. பொறிகளை அகற்றும் கோர்விநைட்டின் டிஃபாக் நகர்வு அதற்குத்தான். இரண்டு ரீஜெனரேட்டர்காரர்களுக்கும் ஹெவி-டியூட்டி பூட்ஸ் கொடுத்துவிடுங்கள். எதிராளி நாக் ஆஃப் நகர்வால் அதைத் தட்டிவிடும் வரை தரைப் பொறி எதுவும் அவர்களைத் தொடாது. உள்ளே வருபவரை நஞ்சாக்கும் டாக்சிக் ஸ்பைக்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்லோகிங்கும் கிளாட்சையரும் தரையில் நிற்கும் விஷ வகையினர், உள்ளே வந்தாலே அது மறைந்துவிடும்.

எதிரணியில் கோல்டெங்கோ இருந்தால் டிஃபாக் பலிக்காதே? – பனங்காடு

பலிக்காது. அதன் குட் அஸ் கோல்டு எபிலிட்டி தன்மீது ஏவப்படும் ஸ்டேட்டஸ் நகர்வுகள் (நேரடியாக அடிக்காதவை) அனைத்தையும் தடுத்துவிடுகிறது, டிஃபாக் உட்பட. ஆனால் எஃகும் பேயும் கலந்த அந்த வகை, கிளைஸ்கோரின் நாக் ஆஃபுக்கும் எர்த்குவேக்குக்கும் இரட்டிப்புப் பலவீனமுடையது. கோர்விநைட் களத்தில் இருக்கும்போது கோல்டெங்கோ உள்ளே வரப்போகிறது என்று தோன்றினால் டிஃபாக்குக்குப் பதிலாக, அடித்துவிட்டு விலகும் யூ-டர்ன் அழுத்தி, கிளைஸ்கோரைக் கொண்டுவாருங்கள். இதில் ஊகம் தவறவே தவறாது என்று சொல்ல மாட்டேன். தவறினாலும் இழப்பது ஒரு சுற்றுதான்.

டான்ட் போட்டுவிட்டால் தடுப்பு அணி கைகட்டி நிற்க வேண்டியதுதானே? – செம்மண்

வழக்கமான ஸ்டால் அணிக்கு அது உண்மை. மூன்று சுற்றுகளுக்கு ஸ்டேட்டஸ் நகர்வு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது; ரிகவர், டாக்சிக் எல்லாம் முடங்கிவிடும். இந்த அணியில் பாய்சன் ஹீலையும் ரீஜெனரேட்டரையும் டான்ட் தொட முடியாது, ஏனெனில் அவை நகர்வுகளே அல்ல. மேலும், எதிராளியின் எச்பியைக் குறைக்கும் முதன்மைக் கருவியான கார்கனாக்கிளின் சால்ட் க்யூர் ஒரு தாக்குதல் நகர்வு. டான்ட்டுக்குப் பிறகும் அதை அழுத்தலாம், கோல்டெங்கோவின்மீதும் அது வேலை செய்யும்.

சால்ட் க்யூர் பட்டவர் சுற்றுக்கு எட்டில் ஒரு பங்கும், நீர் அல்லது எஃகு வகையானால் நான்கில் ஒரு பங்கும் இழப்பார். விலகினால் அது நீங்கிவிடும். எனவே எதிராளி விலகுவார், விலகினால் உள்ளே வருபவர் நம் ஸ்டெல்த் ராக்கின் மீதும் கிளைஸ்கோர் போட்ட ஸ்பைக்ஸின் மீதும் இறங்க வேண்டியிருக்கும். இந்த அணி வெல்வது இப்படித்தான். எதிராளி எதைச் செய்தாலும் எச்பி குறைய வேண்டும். எவ்வளவு அடியையும் தாங்குகிற, ஆனால் எதிராளியை ஒன்றும் செய்யாத ஆறு பேரை அடுக்கி வைப்பது ஆட்டத்தை நீட்டுமே தவிர வெல்லாது. தடுப்பு அணி ஆடத் தொடங்குகிறவர்களின் பட்டியல்களில் நான் அடிக்கடி காணும் குறை இதுதான். கோவர்ட் கிளோக் அணிந்தவர்மீது சால்ட் க்யூரின் தொடர்விளைவு ஒட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டிஃபென்ஸைக் கூட்டும் அயர்ன் டிஃபென்ஸ் நகர்வைப் போட்டுக்கொண்டே போனால் யாராலும் உடைக்க முடியாதல்லவா? – கரிசல்

தற்செயலாக விழும் வலுத்த அடியான கிரிட்டிகல் ஹிட் உடைக்கும். அது ஏறிய தடுப்பைக் கணக்கில் கொள்ளாது. சாதாரண நகர்வுக்கு அதன் வாய்ப்பு இருபத்து நான்கில் ஒன்று. இருபத்து நான்கு அடி வாங்கினால் ஒன்றாவது கிரிட்டிகல் ஆகும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. நீளும் ஆட்டத்தையே விரும்புகிற அணி, நீளும் ஆட்டத்தில் நிச்சயமாக வரக்கூடிய ஒன்றுக்கு எதிராகத் திட்டமிடக் கூடாது.

கிளாட்சையருக்கு அன்அவேர் இருக்கும்போது கிங்காம்பிட் ஏன் உள்ளே புகுந்துவிடுகிறது? – வைகறை

அன்அவேர் புறக்கணிப்பது எண்களில் ஏறிய படிகளை மட்டுமே. தாக்குதல் எண்ணைக் கூட்டும் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்ட பயன் போய்விடும். ஆனால் கிங்காம்பிட்டின் சுப்ரீம் ஓவர்லார்டு, வீழ்ந்த தோழர் ஒவ்வொருவருக்கும் நகர்வின் வலிமையைப் பத்து விழுக்காடு கூட்டுகிறது, ஐம்பது வரை. அது படி அல்ல, எனவே அன்அவேர் அதைத் தடுக்காது. கிங்காம்பிட்டை ஆட்டத்தின் இறுதிவரை விட்டுவைக்காமல், தொடக்கத்திலேயே சேதப்படுத்தி வையுங்கள். கோர்விநைட்டின் பாடி பிரஸ் நகர்வு அதை நான்கு மடங்காக அடிக்கும்.

கோர்விநைட்டுக்கு எபிலிட்டியாக மிரர் ஆர்மர் நல்லதா, பிரஷர் நல்லதா? – செம்மண்

இந்த அணியில் பிரஷர். தன்னைக் குறிவைக்கும் நகர்வுகளுக்கு அது இரண்டு பிபி செலவழிக்க வைக்கும். எட்டு பிபி கொண்ட டிராக்கோ மீட்டியர், எஃகு வகையான கோர்விநைட்டின்மீது நான்கு முறைதான் வரும்.

இந்த அணி யாரிடம் தோற்கிறது? – தாமரைக்குளம்

கியூரம். பனித் தாக்குதல் கிளைஸ்கோருக்கு நான்கு மடங்கு, கிளாட்சையருக்கு இரண்டு மடங்கு. ஃபிரீஸ்-ட்ரை நீர் வகையையும் இரட்டிப்பாக அடிப்பதால் அலோமோமோலாவும் நிற்க முடியாது. கார்கனாக்கிளையும் ஸ்லோகிங்கையும் எர்த் பவர் பார்த்துக்கொள்ளும். கோர்விநைட் மட்டும் ஓரளவு தாங்கும். கியூரமைத் தடுக்கப் பார்க்காதீர்கள், நுழைவை விலையுள்ளதாக்குங்கள். பூட்ஸ் இல்லாத கியூரம் ஸ்டெல்த் ராக்கில் ஒவ்வொரு முறையும் கால் பங்கை இழக்கும். ஆகவே எதிரணியில் அது தெரிந்தால், ராக் களத்தில் இல்லாத நேரத்தில் வெறும் விஷ் போட்டு நிற்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஆட்டத்தில் ஒருமுறை வகையை மாற்றிக்கொள்ளும் டெராவை யாருக்கு வைக்கிறீர்கள்? – வைகறை

பெரும்பாலும் கார்கனாக்கிளுக்கு, பேய் வகையாக. சண்டைத் தாக்குதல் படவே படாது. புதிதாக வரும் பேய்ப் பலவீனத்தையோ அதன் பியூரிஃபையிங் சால்ட் எபிலிட்டி பாதியாக்கிவிடும்.

இதே அணியை அதிகாரபூர்வ இரட்டையர் போட்டிகளுக்குக் கொண்டுபோகலாமா? அங்கே தடுப்பே கிடையாதா? – பனங்காடு

இதே அணியை வேண்டாம். அங்கே ஆறில் நால்வரை மட்டுமே களமிறக்குகிறோம், ஒருவர்மீது இருவர் சேர்ந்து அடிக்கிறார்கள், நேர வரம்பும் உண்டு. மெல்லத் தேய்க்க அவகாசமே இல்லை. ஆனால் தடுப்பு அங்கே வேறு உருவத்தில் இருக்கிறது. 2014 உலகப் போட்டியில் வாகை சூடிய தென்கொரியாவின் செஜுன் பார்க், யாரும் பொருட்படுத்தாத பாச்சிரிசுவைக் கொண்டுவந்தார். அது ஃபாலோ மீயால் அடிகளைத் தன்பக்கம் இழுத்தது. வோல்ட் அப்சார்ப் இருந்ததால், தோழனான கியாரடாஸை நோக்கி வந்த மின்தாக்குதல்களால் குணமடையவும் முடிந்தது. எச்பி 60, டிஃபென்ஸ் 70 உள்ள ஒன்று இதைச் செய்தது. இரட்டையரில் தொடங்க விரும்புகிறவர், பெரிய எண்களைத் தேடுவதற்கு முன், தன் அணியில் காக்கப்பட வேண்டியவர் யார், அவரை எந்த வகைத் தாக்குதல் வீழ்த்துகிறது என்ற இரண்டை எழுதிக்கொண்டு, அந்தத் தாக்குதலை விழுங்கும் எபிலிட்டியும் ஃபாலோ மீயும் சேர்ந்து கிடைக்கிறவரைத் தேடட்டும்.