பிஎச்டி சேர்ந்த பிறகும் ஜே.ஆர்.எஃப். உண்டு, ஏஜென்ட் வேண்டாம்

கேள்வி: தத்துவத்தில் முழுநேர பிஎச்டி, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 32. தொல்காப்பியர் சொல்லும் வெகுளியையும் அரிஸ்டாட்டில் சொல்லும் கோபத்தையும் ஒப்பிடுகிறேன். உதவித்தொகை எதுவும் இல்லை. சேர்ந்துவிட்டால் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடையாது என்கிறார்கள், உண்மையா? இரண்டு கட்டுரை வெளியிட்டுத் தர ஒரு கன்சல்டன்சி 25 ஆயிரம் கேட்கிறது. கொடுக்கலாமா? - ஒரு வாசகி

பதில்: முதலில் அந்த 25 ஆயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

'யுஜிசி அங்கீகரித்த இதழ்' என்றுதானே ஆசை காட்டுகிறார்கள்? அவர்கள் சொல்லும் கேர் பட்டியலை, அதாவது தரமான இதழ்கள் என்று வைத்திருந்த பட்டியலை, யுஜிசியே 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. பிஎச்டிக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியும் 2022 ஒழுங்குமுறையில் போய்விட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கலாம். ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் நாளைக்கு மாறும். அந்த இதழின் ஒரு தொகுப்பைத் திறந்து பாருங்கள். நெல் பூச்சி, ஜிஎஸ்டி, நர்சிங், சங்க இலக்கியம் எல்லாம் ஒரே அட்டைக்குள் இருந்தால், இரண்டே நாளில் 'ஏற்றுக்கொண்டோம்' என்று மெயிலும் வந்தால், அது இதழ் இல்லை, கடை. தத்துவத்தில் நல்ல இதழ்கள் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. ஐ.சி.பி.ஆர். (இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இதழிலும் சந்தா வழியில் வெளியிடக் கட்டணம் இல்லை. 'ஓப்பன் ஆக்சஸ்' (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) என்பதில் டிக் போட்டால்தான் பில் வரும்.

இந்தக் கடைக்காரர்கள் அடுத்து 'டேட்டா அனாலிசிஸ்' என்பார்கள். 200 மாணவர்களிடம் 'உங்களுக்கு அடிக்கடி கோபம் வருமா?' என்று கேட்டு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் உங்கள் கேள்விக்கு விடை வராது. உறுப்பறை (உறுப்பை வெட்டுதல்), குடிகோள் (குடியைக் கெடுத்தல்), அலை (அடித்து வருத்துதல்), கொலை என்று வெகுளிக்கு நான்கு காரணம் சொல்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். அரிஸ்டாட்டிலுக்கோ கோபத்தின் வேர் அவமதிப்பு. சுற்றத்துக்கும் உடலுக்கும் வரும் கேடு அவமதிப்பில் அடங்குமா? இதை நீங்களே உட்கார்ந்து எழுதினால் ஒரு நல்ல கட்டுரை. வேறொருவர் எழுதித் தந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். ஆய்வேடு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டால் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

சரி, ஜே.ஆர்.எஃப்.புக்கு வருவோம். அதை நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதித்தான் வாங்க வேண்டும். வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருப்பதால் நீங்கள் தாராளமாக எழுதலாம். ஓ.பி.சி. என்றால் இன்னொரு 5 சேராது, மொத்தமே 5தான். ஏற்கெனவே சேர்ந்தவருக்குக் கிடைக்காது என்பது தவறு. தேர்வு முடிவு வெளியான தேதி, பிஎச்டியில் சேர்ந்த தேதி, இரண்டில் எது பிந்தியதோ அன்றிலிருந்து தொகை கணக்காகும். உங்களுக்கு அது முடிவு வெளியான தேதி. கழிந்த மாதங்களுக்கு ஒரு பைசா வராது. ஆய்வேட்டைக் கொடுத்த அன்றோடு நின்றும் போகும். அதனால் தள்ளிப்போடாமல் அடுத்த நெட்டையே எழுதுங்கள். பகுதிநேரத்துக்கு மாறிவிடாதீர்கள், மாறினால் தகுதியே போச்சு.

முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, அப்புறம் 42,000. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மாதாமாதம் கல்லூரியில் ஒருவர் கனரா வங்கித் தளத்தில் உங்கள் பெயரைப் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் லீவு போட்டாலும் உங்கள் வாடகை நிற்கும். ஆராய்ச்சி செய்ய வந்தவர் கிளார்க்கின் மேசையைச் சுற்ற வேண்டுமென்று எவர் வகுத்த திட்டமோ!

நெட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள், ஒன்றையும் விடாதீர்கள். தத்துவத்தின் பாட எண் 03. எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளுக்கு இப்போதே பழைய வினாத்தாள்களை எடுத்துவிடுங்கள். தத்துவ மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.