அந்தக் குழந்தைகளுக்கு அம்மா இருக்கிறாள்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 19. சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். ஜூன் விடுமுறையில் தோழிகள் நான்கு பேருடன் கம்போடியாவின் சியெம் ரீப் நகருக்குப் போய், அங்கே ஓர் அநாதை இல்லத்தில் 12 நாள் தொண்டு செய்யப்போகிறேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது, விளையாடுவது, சுவருக்கு வண்ணம் அடிப்பது. ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,600 வெள்ளி. முன்பணம் 300 கட்டிவிட்டோம். பாஸ்போர்ட் நகலும் பணமும் தவிர வேறெதுவும் அவர்கள் கேட்கவில்லை. இப்போது பெரியப்பா மகன் அண்ணன், “இது உதவியே இல்லை, போகாதே” என்கிறார். குழந்தைகளிடம் அன்பாக இருப்பதில் என்னம்மா தப்பு?

பதில்: அன்பு மகளுக்கு,

உன் அன்பில் ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் அந்த இல்லத்துக்குப் போகாதே. அண்ணன் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

‘அநாதை இல்லம்’ என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். கம்போடியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பலிகொண்ட கெமர் ரூஜ் ஆட்சி 1975 முதல் 1979 வரை நடந்தது. அப்போது பெற்றோரை இழந்த பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். போர் முடிந்து நாடு தேறிய பிறகு அநாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? ஆனால் 2005க்கும் 2010க்கும் இடையில் மட்டும் அவை 75 சதவீதம் பெருகின என்கிறது ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப். அங்கிருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். அதே காலத்தில் பெருகிக்கொண்டிருந்தவர்கள் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க வந்த பயணிகள்.

கிராமத்தில் விளைச்சல் பொய்த்து, தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போகும் நிலையில் இருக்கிறாள் ஒரு தாய். அவளிடம் ஒருவர் வந்து, “உன் பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, பள்ளிக்கூடம், ஆங்கிலம்” என்கிறார். அவள் அனுப்பிவிடுகிறாள். பிள்ளை படிக்கட்டும் என்றுதான் அனுப்புகிறாள். ஆனால் இல்லத்துக்கு வருமானம் வருவது பார்க்க வரும் நம்மால். படுக்கைகள் நிறைந்திருந்தால்தான் ஆட்கள் வருவார்கள், பிள்ளைகள் பாவமாகத் தெரிந்தால்தான் பணம் தருவார்கள் என்று ஆகிவிட்டால், அந்தப் பிள்ளையை அம்மாவிடம் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? எல்லா இல்லமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் 12 நாளில் எது எப்படி என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளை இப்படிச் சேர்த்துக் காசு பார்ப்பதையும் நவீன அடிமைமுறையில் ஒன்றாக 2018இலேயே ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டுவிட்டது.

அப்புறம் அந்தப் பிள்ளைகளின் மனசு. நீ போய் இறங்கியதும் ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்வார்கள். உனக்குக் கண் கலங்கும். ஆனால் சொந்த வீட்டில் வளரும் மூன்று வயதுக் குழந்தை புது ஆளைப் பார்த்தால் என்ன செய்யும்? அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு காலுக்குப் பின்னால் ஒளியும். முன்பின் தெரியாத யாரிடமும் ஓடிவந்து ஒட்டிக்கொள்வது, நிலையாக ஒருவர் கையில் வளராத குழந்தைகளிடம் மருத்துவர்கள் பல காலமாகப் பார்த்துவரும் ஓர் அறிகுறி. நீ 12 நாளில் கிளம்பிவிடுவாய், அடுத்த திங்கட்கிழமை வேறொரு குழு வரும். ஒரே வருடத்தில் எத்தனை அக்காக்களுக்கு அந்தக் குழந்தை கையசைத்து விடைகொடுக்கும், யோசித்துப் பார்.

பாஸ்போர்ட் நகல் போதும் என்றார்களே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. உன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பாலர் பள்ளி உன்னை அப்படி உள்ளே விடுமா? உன்னை விசாரிக்காமல் விடுகிறவர்கள், குழந்தைகளுக்குத் தீங்கு செய்ய வருகிறவனையும் விசாரிக்காமல்தான் விடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் பிறந்தநாளுக்கு ஓர் இல்லத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பசியோடு இருந்த பிள்ளைகளைத் தட்டுக்கு முன்னால் நிற்கவைத்து எனக்கு வாழ்த்துப் பாட வைத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால் உன்னைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இனி நீ செய்யவேண்டியது. அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேள்: இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்? சென்ற வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? எங்கள் 1,600 வெள்ளியில் எவ்வளவு அங்கே போய்ச் சேருகிறது? மழுப்பினால் விலகிவிடு. முன்பணம் 300 திரும்பி வராமல் போகலாம், போகட்டும். தோழிகளிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. மீதமாகும் பணத்தில் ஒரு பகுதியை, பிள்ளைகளைப் பெற்றோரிடமே வைத்து வளர்க்க உதவும் அமைப்பு ஒன்றுக்குக் கொடுங்கள்.

சியெம் ரீப்புக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போ. கோயில்களைப் பார், உள்ளூர்க்காரர்களின் விடுதியில் தங்கு, அவர்கள் கடையில் சாப்பிடு. ஊரில் ஏழாம் ஜெயவர்மன் என்ற பழைய கெமர் மன்னரின் பெயரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. கந்தா போபா மருத்துவமனைகளில் ஒன்று, பிள்ளைகளுக்கு இலவசச் சிகிச்சை. பேயாட் ரிஷ்னர் என்ற சுவிஸ் மருத்துவர் நடத்தியது. 2018இல் காலமாகிவிட்டார். இருந்தவரை, வார இறுதியில் பயணிகளைக் கூட்டிவைத்து செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற கருவியை வாசிப்பார். வாசித்துவிட்டு, இளைஞர்களிடம் ரத்தமும் வயதானவர்களிடம் பணமும் நடுவயதுக்காரர்களிடம் இரண்டும் கேட்பார். மழைக்காலம் தொடங்கினால் அங்கே டெங்கு. அது முற்றிய பிள்ளைகளுக்கு ரத்தம் வேண்டியிருக்கும்.

உன் வயதுக்கு அதைக் கொடு, மகளே. யாருக்குப் போகிறதென்று உனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை உனக்குக் கையசைத்து விடைகொடுக்கவும் வேண்டாம். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, நீ ரத்தம் கொடுக்கலாமா என்று உறுதி செய்துகொள். கொடுத்த அன்றைக்கு வெயிலில் அங்கோர் வாட்டின் செங்குத்துப் படிகளில் ஏறாதே. இளநீர் குடித்துவிட்டு அறையில் படுத்துத் தூங்கு.